கரண்டே இல்லாத டப்பாவுக்கு ஒரு எர்த்து

பதினோரு வருடம் நான் பள்ளிக்கூடத்துக்குத் தயிர்சாதம் கொண்டுபோன எவர்சில்வர் டப்பாவில் என் வீட்டுக்காரர் மூன்று ஓட்டை போட்டார். உன்னிடம் கேட்டுவிட்டுத்தான் போட்டேன் என்று இன்றுவரை சொல்கிறார். கேட்டது உண்மை. ஆனால் இரண்டு ஓட்டை போட்டு முடித்து, மூன்றாவதைப் பெரிதாகப் போடலாமா சிறிதாகப் போடலாமா என்றுதான் கேட்டார்.

டப்பா எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். தமிழாசிரியை வேலையை விட்டு நான் வீட்டோடு இருந்த வருடம் அது. விட்டதற்குக் காரணம் தாளாளரோடு ஒரு சண்டை. அதைத் தொட்டால் இந்தக் கட்டுரை முடியாது. சென்னையில் ஒரு நிறுவனம் தமிழ்ப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து, காதால் கேட்கிறவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. வாசிக்க ஆள் வேண்டும் என்றார்கள். மாதிரிக்கு ஒரு அத்தியாயம் வாசித்து அனுப்பினேன். குரல் பிடித்திருக்கிறது, உச்சரிப்பு சுத்தம், ஆனால் இருமல் அதிகம், இருமலை வெட்டிய இடமெல்லாம் காதுக்குத் தெரிகிறது என்று பதில் வந்தது.

இருமாமல் எப்படி இருப்பது? எங்கள் தெருவில் ஒன்றுவிட்டு ஒரு வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. காற்றில் பஞ்சுத் தூசி இல்லாத நாள் கிடையாது. சாமான் அறையைக் காலி செய்து, பழைய போர்வைகளை மூட்டையாகத் தைத்து, கழிவுப் பஞ்சை அடைத்துச் சுவரெங்கும் தொங்கவிட்டு, அதைத்தான் நாங்கள் ஸ்டுடியோ என்று சொல்லிக்கொள்கிறோம். தறிச் சத்தம் உள்ளே வராமல் இருக்கப் பஞ்சு. அந்தப் பஞ்சே தொண்டையைக் கரகரக்க வைக்கிறது. சித்திரை வெயிலில் மின்விசிறியும் இல்லாமல் அதற்குள் உட்கார்ந்து கதை வாசிக்க வேண்டும். குற்றாலத்தில் உட்கார்ந்திருக்கிற குரலில் வாசிக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் தறிக்கூடங்களுக்கும் மில்களுக்கும் மின் வேலை செய்கிறவர். இருமலுக்கு ஒரு சுவிட்சு செய்து தருகிறேன் என்றார். மைக்கிலிருந்து வரும் ஒயர் அந்த டப்பாவுக்குள் ஒரு பக்கம் போகும், மறுபக்கம் வெளியே வந்து, வெளியறையில் இருக்கிற கம்ப்யூட்டருக்குப் போகும். நடுவில் ஒரு பொத்தான். இருமல் வரும்போது அதை அழுத்திக்கொண்டால் பதிவில் அமைதி மட்டும் இருக்கும். இருமி முடித்து விரலை எடுத்தால் குரல் திரும்ப வரும்.

மைக் ஒயருக்குள் இரண்டு கம்பிகள் இருக்கின்றன, அவற்றைச் சுற்றி ஒரு கம்பி வலை. இரண்டு கம்பியிலும் ஒரே குரல்தான் போகிறது, ஒன்றில் நேராக, இன்னொன்றில் தலைகீழாக. வழியில் வந்து ஒட்டிக்கொள்கிற இரைச்சல் இரண்டிலும் ஒன்றுபோல் ஒட்டுவதால், கடைசியில் கழித்துப் பார்க்கும்போது இரைச்சல் போய்விடும், குரல் நிற்கும். இதற்கு பேலன்ஸ்டு என்று பெயர். பொத்தானை அழுத்தினால் அந்த இரண்டு கம்பியும் உள்ளே ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும், குரல் அங்கேயே அடங்கிவிடும். டப்பாவுக்கு பேட்டரி கிடையாது, பிளக் கிடையாது. இதையெல்லாம் அவர் சாப்பாட்டுத் தட்டில் முருங்கைக்காயை வைத்து எனக்கு விளக்கினார். புரிந்தது. எரிச்சலும் வந்தது, சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது.

எவர்சில்வரில் ஈயம் ஒட்டாது. ஒரு மாலை முழுக்கப் பற்றவைத்துப் பார்த்துவிட்டு, டப்பாவின் அடியில் போல்ட்டு போட்டு, வலையின் கம்பிகளை அதில் சுற்றி நட்டு வைத்து முறுக்கினார். அதோடு நிறுத்தியிருந்தால் நான் இதை எழுத வேண்டியதே இல்லை. அதே போல்ட்டில் ஒரு பச்சை ஒயரையும் சேர்த்து முறுக்கி, ஜன்னல் வழியாகக் கொல்லைப்புறத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

என்னவென்று கேட்டதற்கு, எர்த்து என்றார்.

இரும்பு என்று ஒன்று வீட்டில் இருந்தால் கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்க அதற்கு எர்த்து இருந்தாக வேண்டும். அவருக்கு அதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. கல்யாணமான புதிதில் இரும்புக் கட்டிலுக்கும் எர்த்து போடலாமா என்று யோசித்தவர். இந்த டப்பாவுக்காக ஆளுயரத்துக்குக் குழி தோண்டினார். எங்கள் கரிசல் மண் கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும், அந்த மண்ணில் எர்த்து நிற்காது. அதனால் பரளச்சிப் பக்கம் போய் இரண்டு மூட்டை சீமைக்கருவேலங்கரி வாங்கி வந்தார். குழியில் குழாயை நிறுத்தி, ஒரு அடுக்கு கரி, ஒரு அடுக்கு கல்லுப்பு, மறுபடி கரி என்று போட்டு மூடினார். தினமும் காலையில் இரண்டு குடம் தண்ணீர் அதில் ஊற்ற வேண்டும் என்று எனக்கு உத்தரவு.

குடிக்கிற தண்ணீரே எண்ணி எண்ணிப் பிடிக்கிற ஊர். பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றுகிறேன் என்றேன். சோப்பு போனால் குழாய் அரித்துவிடுமாம். அப்படியானால் கூடை கூடையாக உப்புக் கொட்டினீர்களே, அது அரிக்காதா என்று கேட்டேன். குடத்தை எடுத்து என் கையில் கொடுத்தார்.

இரண்டாவது மாதிரியை அனுப்பினேன். இருமல் ஒன்றுகூட இல்லை, நன்றி என்று ஆரம்பித்திருந்தார்கள். பிறகு வந்தது அடி. வாசிப்பு முழுக்கப் பின்னால் ஒரு முனகல் கேட்கிறதாம். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் சுத்தமாக அனுப்பினால் புத்தகம் உங்களுக்கு, இல்லாவிட்டால் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவோம் என்று முடித்திருந்தார்கள்.

அது நானூறு பக்க நாவல். நான் இரண்டு முறை படித்தது, ஒரு முறை அழுதது. வேறொருத்தி அதை வாசிப்பாள், எந்த இடத்தில் மூச்சு விடவேண்டும் என்று தெரியாமல் வாசிப்பாள் என்று நினைத்தாலே பொறுக்கவில்லை. இந்த வேலை கிடைக்காவிட்டால் காரியாபட்டியில் ஒரு பள்ளிக்கூடம் காத்திருந்தது. அங்கேயும் ஒரு தாளாளர் இருந்தார்.

ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். முனகல் இருந்தது. பக்கத்து அறையில் யாரோ வாயை மூடிக்கொண்டு ஒரே சுரத்தில் இழுப்பதுபோல இருந்தது, நிற்கவே இல்லை. டப்பாவைக் கழற்றிவிட்டு மைக்கை நேராகக் கம்ப்யூட்டரில் செருகிக் கேட்டேன். இல்லை. டப்பாவை மாட்டினேன். இருந்தது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“கரண்டே இல்லாத டப்பா எப்படி மொனகும்?” என்றார்.

அதையேதான் நானும் கேட்கிறேன் என்றேன். எர்த்து பத்தவில்லை என்று தீர்ப்புச் சொன்னார். அதற்கு அவரிடம் சாட்சி இருந்தது. எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஒலிபெருக்கி போட்டால் போதகரின் ஜெபத்துக்குப் பின்னால் இதே முனகல் கேட்கும். இவர் போய் எர்த்து இழுத்துக் கொடுத்த அன்றே அது நின்றது. சபையே இவரைப் பாராட்டியது. அன்றிலிருந்து முனகல் என்றால் எர்த்து என்று இவர் மனதில் பதிந்துவிட்டது. சபையில் நின்றது வீட்டில் ஏன் நிற்காது, தண்ணீரைக் கூட்டு என்றார். இரண்டு குடம் நான்கு குடமானது.

நான் போனில் தேடிப் பார்த்தேன். உலகத்தில் இப்படி டப்பா செய்து மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்ததில் ஒரு ஆறுதல். அதற்கு மேல் ஒரு ஆறுதலும் இல்லை. வலையை டப்பாவோடு சேர்க்க வேண்டும் என்கிறார் ஒருவர். சேர்த்தால் கெட்டது என்கிறார் அடுத்தவர். மூன்றாவது ஆள் வந்து, இரும்பு டப்பாவே தப்பு என்கிறார். பிறகு மூவரும் ஒருவர் படிப்பை ஒருவர் கேவலமாகப் பேசிக்கொள்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் என் வெள்ளிக்கிழமையைப் பற்றி அக்கறை இல்லை.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் லாரித் தண்ணீர் வரவில்லை. வீட்டுக்கே தண்ணீர் இல்லாதபோது குழிக்கு எங்கே போவது? ஊற்றவில்லை. செவ்வாய் சாயங்காலம் சும்மா ஹெட்போனை மாட்டிக் கேட்டவள் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முனகல் பாதியாகக் குறைந்திருந்தது. அவர் வந்து கேட்டுவிட்டு, நான் சொன்னேனே, எர்த்து மெல்ல மெல்லத்தான் பிடிக்கும் என்று பூரித்துப்போனார். புதன்கிழமை காலையில் லாரி வந்தது. அந்தச் சந்தோஷத்தில் அவரே ஆறு குடம் ஊற்றிவிட்டு வேலைக்குப் போனார். மத்தியானம் கேட்டால், முனகல் முன்பைவிடத் தடிப்பாக இருந்தது.

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அரைமணி நேரம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். ஆறு குடம் தண்ணீர். அதை வைத்து இரண்டு நாள் சமைத்திருக்கலாம், துவைத்திருக்கலாம், நான் தலைக்குக் குளித்திருக்கலாம். அதையெல்லாம் மண்ணில் ஊற்றி, என் வேலையைக் கெடுக்கிற சத்தத்தை நாங்களே பயிர்போல் வளர்த்திருக்கிறோம். எனக்கு வந்த கோபத்தில் டப்பாவை எடுத்து வெளியே எறிந்திருப்பேன். ஆனால் எனக்கு அது வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை காலை அவர் வேலைக்குப் போன பிறகு, ஒரு நிமிடம் பேசாமல் பதிவு செய்தேன். ஒரு குடம் கொண்டுபோய் ஊற்றினேன். மறுபடி ஒரு நிமிடம் பதிவு. மறுபடி ஒரு குடம். இப்படி மூன்று குடம், நான்கு பதிவு. நான்கு பதிவுகளையும் திரையில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். படிக்கட்டுபோல ஏறியிருந்தது. கொல்லைக் குழியின் எர்த்து நன்றாகப் பிடிக்கப் பிடிக்க முனகல் கூடுகிறது. கம்ப்யூட்டருக்கு அதன் பிளக் வழியாக வீட்டு எர்த்து ஏற்கெனவே இருக்கிறது, அது வாசல் மீட்டர் பக்கம் இறங்குகிறது. டப்பாவுக்குக் கொல்லையில் இன்னொன்று. இரண்டு எர்த்துக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தால் ஒரு சிறு கரண்டு என் மைக் ஒயரின் வலை வழியாகத்தான் போய்வந்துகொண்டிருந்தது. சபையில் எர்த்தே இல்லாமல் இருந்தது, ஒன்று போட்டதும் சரியானது. இங்கே ஒன்று இருக்கும்போது இரண்டாவதைப் போட்டிருக்கிறார்.

மத்தியானம் சாப்பிட வந்தவரிடம் நான்கு பதிவையும் போட்டுக் காட்டினேன். நன்றாகக் கேட்டார். தலையை ஆட்டினார். நான் சொன்ன காரணத்தை அவரால் மறுக்க முடியவில்லை, அவர் தொழிலே அதுதான். சரி, அந்தப் பச்சை ஒயரைக் கழற்றுங்கள், நாளைக்கு வெள்ளிக்கிழமை என்றேன்.

கழற்ற மாட்டேன் என்றார்.

நான் பேசியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. பதினோரு வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள் பேசுகிற பேச்சில்லை அது. என் வேலையைவிட உங்கள் வறட்டுக் கௌரவம் பெரிதா என்றேன். சபையில் வாங்கிய பாராட்டு தலைக்கு ஏறிவிட்டது என்றேன். என் டப்பாவையும் கெடுத்து, தண்ணீரையும் கெடுத்து, வாழ்க்கையையும் கெடுக்கிறீர்கள் என்றேன். அவர் தட்டைப் பார்த்தபடியே இருந்தார். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு நானே போகிறேன் என்று எழுந்தபோதுதான் என் கையைப் பிடித்தார்.

“நீ தெனமும் கை வைக்கிற இரும்பு அது. எர்த்து இல்லாம நான் எப்பிடி விடுவேன்?”

பிறகு சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால், வேலை கற்றுக்கொண்டிருந்த காலத்தில், ஒரு தறிக்கூடத்தில் ஒரு தறியின் எர்த்து ஒயர் அறுந்து தொங்குவதைப் பார்த்திருக்கிறார். டீ குடித்துவிட்டு வந்து கட்டலாம் என்று விட்டிருக்கிறார். தறிக்கு நூல் சுற்றிய தார்க்குச்சிகளைக் கொண்டுவந்து கொடுக்கிற ஒரு அம்மா, இவரோடு பேசிக்கொண்டே வந்து, அந்தத் தறியின் சட்டத்தில் கையை ஊன்றியிருக்கிறார்.

“எங்கூடப் பேசிக்கிட்டேதான் வந்தாக. மக வீட்டுக்குப் போறேன்னு சொல்லிக்கிட்டு வந்தாக. பாதிப் பேச்சுல நின்னுட்டாக.”

இவர் ஓடிப்போய் மெயினை இழுத்திருக்கிறார். ஆனால் நேரம் கடந்துவிட்டது. பன்னிரண்டு வருடம் ஒரே வீட்டில் இருக்கிறோம், இதை எனக்குச் சொன்னதில்லை. இரும்புக் கட்டிலைச் சொல்லி எத்தனை பேர் முன்னால் இவரைக் கிண்டல் செய்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. வெள்ளிக்கிழமையும் இருந்தது.

கத்தரிக்கோலை வைத்துவிட்டு, ஒயரில் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கிற அவருடைய கை மீட்டரை எடுத்துவரச் சொன்னேன். பச்சை ஒயரைக் கழற்றிப் பாருங்கள், டப்பாவுக்கு எர்த்து இருக்கிறதா இல்லையா என்று நீங்களே பாருங்கள், இல்லையென்றால் நான் இந்த வேலையே வேண்டாம் என்று எழுதிவிடுகிறேன் என்றேன். அதை நான் உண்மையாகவே சொன்னேன்.

அவர் நட்டை இளக்கிப் பச்சை ஒயரை விலக்கினார். மீட்டரின் ஒரு முனையை டப்பாவின் மேல் வைத்தார். மறுமுனையை ஒரு நீள ஒயரில் கட்டிக் கொண்டுபோய், வெளியறையில் கம்ப்யூட்டர் செருகியிருக்கிற பலகையில், எர்த்து ஓட்டைக்குள் வைத்தார். மீட்டர் பீப் என்று கத்தியது. டப்பாவின் உடம்பிலிருந்து வலைக்கு, வலையிலிருந்து கம்ப்யூட்டருக்கு, அங்கிருந்து பிளக்குக்கு என்று எர்த்து முதலிலிருந்தே இருந்திருக்கிறது. தனக்கென்று கரண்டு இல்லாத டப்பாவுக்குத் தனி எர்த்து தேவைப்படவில்லை, பக்கத்தில் இருப்பதனுடையதே அதற்கும் போதும். அவர் அதோடு விடவில்லை. வாசல் எர்த்து உண்மையில் பிடிக்கிறதா என்று நூறு வாட் பல்பை வைத்துச் சோதித்தார். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தது. மறுபடி வந்து மீட்டரை வைத்தார். மறுபடி பீப். நான்கு முறையாவது வைத்திருப்பார்.

கடைசியில் உள்ளங்கையை விரித்து டப்பாவின் மேல் வைத்தார். வைத்தபடி கொஞ்சநேரம் நின்றார். பிறகு, இப்போது தொடு என்றார்.

அன்று சாயங்காலமே அத்தியாயத்தை வாசித்தேன். முனகல் துளியும் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் அனுப்பினேன். திங்கட்கிழமை பதில் வந்தது. புத்தகம் எனக்குத்தான்.

அழுதேன், சந்தோஷத்தில்தான். அவர் கேசரி வாங்கிக்கொண்டு வந்தார். கதை இத்தோடு சுபமாக முடிந்திருக்க வேண்டும். ஆனால் மறுநாள் காலை நான் புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்ததும் அவர் அறைக்குள் வந்தார், உள்ளங்கையை டப்பாவின் மேல் வைத்தார், கொஞ்சநேரம் நின்றார், போனார். அதற்கு மறுநாளும். அதற்கு மறுநாளும். நான் தயாராகி, மூச்சைச் சீராக்கி, முதல் வரியை மனதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது கதவு திறக்கும். வெளியிலிருந்து தறிச் சத்தமும் பஞ்சுத் தூசியும் அவரோடு சேர்ந்து உள்ளே வரும். நான் இருமுவேன். மீட்டர் சொன்னதே, பல்பு எரிந்ததே என்பேன். ஆமாம் என்பார். மறுநாளும் வருவார். ஷேவிங் செய்துகொண்டிருந்தவர் பாதிக் கன்னத்தில் நுரையோடு ஒருநாள் வந்தார். காய்ச்சலில் படுத்திருந்த அன்று போர்வையோடு எழுந்து வந்தார். திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், உள்ளே தாழ்ப்பாள் போட்டும் பார்த்தேன். தாழ்ப்பாள் போட்ட அன்று கதவைத் தட்டக்கூட இல்லை, வெளியே நின்றுகொண்டே இருந்தார். நிற்கிறார் என்று தெரிந்தால் எப்படி வாசிப்பது? எழுந்து திறந்துவிட்டேன்.

முந்நூறாவது பக்கத்தைத் தாண்டிய வாரத்தில் காரியாபட்டியில் ஒரு அரவை மில்லில் இரண்டு மோட்டாரில் ஒன்று எரிந்துவிட்டதென்று விடிந்ததும் ஆள் வந்தது. அவசரத்தில் கிளம்பிப் போய்விட்டார். டப்பாவைத் தொடவில்லை. எனக்கு அது தெரிந்தது, நான் ஞாபகப்படுத்தவில்லை. நிம்மதியாக உட்கார்ந்து ஏழு பக்கம் வாசித்தேன். பத்து மணிக்கு போன் அடித்தது. வாசிக்கும்போது போன் செய்யாதீர்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று ஆரம்பிக்க வாயெடுத்தேன். பின்னால் மில் இரைச்சல்.

“டப்பாவத் தொட்டுட்டியா?”

“தொட்டாச்சு. ஏழு பக்கம் வாசிச்சாச்சு.”

“ஒண்ணும் ஆகலயே?”

“ஒங்ககூடப் பேசிக்கிட்டுத்தான இருக்கேன்.”

மில் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிட்டாரோ என்று திரையைப் பார்த்தேன், வைக்கவில்லை. பிறகு, பேசிக்கொண்டே இரு என்றார். என்ன பேசுவது என்று தெரியவில்லை. புத்தகம் மடியில் திறந்திருந்தது. அன்றைய எட்டாவது பக்கத்தை அவருக்கு வாசிக்க ஆரம்பித்தேன்.